பத்தாம் தேதிக்குள் என்றால் பத்தாம் தேதி சேருமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவின் ஓய்வூதிய விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "விண்ணப்பங்கள் 10ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும்." அன்றைக்குத் தேதி பத்து. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு என்னிடம், "தம்பி, இன்னைக்குக் குடுக்கலாமா, இல்ல நேத்தோட முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உள்ளே கேட்டோம். ஒருவர் இன்று வாங்கலாம் என்றார், இன்னொருவர் முடியாது என்றார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அந்த வரியில் கடினமான சொல் என்று எதுவும் கிடையாது. "சமர்ப்பிக்க" என்பதைக்கூட எல்லோரும் பழகிவிட்டோம். சிக்கல் "க்குள்" என்ற சின்ன ஒட்டில் இருக்கிறது. "5 மணிக்குள் வா" என்றால் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் 5 மணி என்பது ஒரு நொடி. தேதி அப்படி இல்லை. அது ஒரு முழு நாள். அந்த நாள் தொடங்குவதற்கு முன்பா, முடிவதற்கு முன்பா? எழுதியவர் மனதில் ஒன்று இருந்திருக்கும், தாளில் இரண்டு இருந்தன. ஏழு சொல்கூட இல்லாத ஒரு வாக்கியம் ஒரு வயதானவரின் காலையைத் தின்றுவிட்டது.

எளிய நடை என்று சொல்லும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது சொற்கள்தான். கடினமான சொல்லை எடுத்துவிட்டு லேசான சொல்லைப் போட்டால் எளிமையாகிவிடும் என்று நினைக்கிறோம். அது ஒரு பகுதி மட்டுமே. 2023இல் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர நிறுவனம் எளிய நடைக்கென்றே ஒரு தர வரையறை வெளியிட்டது. அதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: படிப்பவருக்குத் தேவையானது அதில் இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடிய வேண்டும், கண்டுபிடித்தது புரிய வேண்டும், புரிந்ததை வைத்து அவர் செய்ய வேண்டியதைச் செய்ய முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெரியவருக்கு வாக்கியம் புரியாமல் இல்லை. அதை வைத்து வரிசையில் நிற்பதா, வீட்டுக்குப் போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

இப்போது ஓர் அறிவிப்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நான் எழுதியதுதான், ஆனால் இதைப் போல நூறு பார்த்திருப்பீர்கள்.

"நகரின் கிழக்குப் பகுதியில் நடைபெற்று வரும் குழாய் பதிக்கும் பணிகள் காரணமாக எதிர்வரும் செவ்வாய்க்கிழமை முதல் வியாழக்கிழமை வரை காலை நேரங்களில் வழக்கமாக வழங்கப்பட்டு வரும் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுவதால் பொதுமக்கள் மாற்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. என்ன நடக்கப்போகிறது என்பது வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். அதுவரை வருகிற ஒவ்வொரு தகவலையும் படிப்பவர் இறக்கி வைக்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டே நடக்கிறார். அந்தக் காலத்தில் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்திருப்பார்கள், தலைச்சுமையோடு வருகிறவர் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எழுத்தில் முற்றுப்புள்ளி செய்கிற வேலை அதுதான். மேலே உள்ள அறிவிப்பில் வழி நெடுக ஒரு கல் கூட இல்லை. "வரும்", "வந்த", "உள்ள" என்று எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போகும் வசதி தமிழுக்கு உண்டு. பேசும்போது நாம் அதை அளவாகத்தான் பயன்படுத்துகிறோம். பேனா எடுத்தால் மட்டும் அளவு தப்பிவிடுகிறது.

அதையே பக்கத்து வீட்டில் சொல்வது போல எழுதிப் பார்க்கலாம்: "செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் காலையில் குழாயில் தண்ணீர் வராது. திங்கட்கிழமையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தெருக்களில் புதுக் குழாய் பதிக்கிறோம்."

இப்படி எழுதியதும் ஒரு வேடிக்கை நடக்கிறது. முதலில் கண்ணில் படாத ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கின்றன. காலையில் வராது, சரி, மாலையில் வருமா? குழாய் பதிப்பது கிழக்கில், ஆனால் தண்ணீர் நிற்பது கிழக்கில் மட்டுமா, ஊர் முழுவதுமா? பழைய அறிவிப்பைத் திரும்பப் படியுங்கள். இந்த இரண்டுக்கும் அதில் பதில் இல்லை. நீளமும் கம்பீரமும் சேர்ந்து அந்தக் குறையை மூடி வைத்திருந்தன. எளிமையாக எழுத உட்கார்ந்தவர் எழுந்துபோய்ப் பொறியாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். எளிய நடை படிப்பவருக்கு நல்லது என்று மட்டுமே பேசுகிறோம். எழுதுபவருக்கே தான் எதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இதில் மீண்டும் மீண்டும் அனுபவம் உண்டு. ஒரு பத்தி எவ்வளவு முயன்றும் எளிமையாக வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்த விஷயம் எனக்கே சரியாகப் புரிந்திருக்காது.

"கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். யார் கேட்டுக்கொள்கிறார்கள்? தெரியாது. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்", "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது" என்பவையும் இதே குடும்பம். செய்கிறவர் ஆளே இல்லாமல் வேலை மட்டும் தானாக நடக்கிறது போல. மனு கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது, அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பது. "உங்கள் மனுவை நில அளவைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம். சர்வேயர் அடுத்த புதன்கிழமை வந்து அளப்பார்" என்று எழுதினால் அவர் அடுத்த புதன்கிழமை வீட்டில் இருப்பார். செயப்பாட்டு வினையே கூடாது என்று சொல்லவில்லை. காலையில் கடைக்குப் போனவர் "பூட்டு உடைக்கப்பட்டிருந்தது" என்று எழுதலாம், உடைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஆளை மறைப்பதற்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் தப்பாகிறது.

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலை வாசல் பக்கம் போய்ப் பாருங்கள். காகிதமும் பேனாவுமாக மனு எழுதிக்கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அந்த ஆட்களில் பலருக்கும் தமிழ் எழுதத் தெரியும். "இந்த" எழுத்து தங்களுக்கு வராது என்று நினைக்கிறார்கள். தன் கிணற்றைப் பற்றி, தன் பட்டாவைப் பற்றி, தன் தாய்மொழியில், தானே சொல்லக் கூடாது என்று ஒரு மனிதரை நம்ப வைத்திருக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. புரியாத எழுத்துக்கு எப்போதும் ஒரு செலவு உண்டு. எழுதியவர் அதைக் கொடுப்பதில்லை. பஸ் கட்டணமாகவும் போன கூலியாகவும் எழுதுகூலியாகவும், கொடுக்க வசதி குறைந்தவரிடமிருந்துதான் அது போகிறது.

இது நம் ஊரின் தனிக் குறை அல்ல. இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த கிறிஸ்ஸி மாஹெர் என்ற பெண்மணி, பதின்ம வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவர், 1979இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கிழித்துப் போட்டு எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் 2010இல் அரசு அலுவலகங்கள் எளிமையாக எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது.

அலுவலகம் இருக்கட்டும், மருந்து விஷயத்துக்கு வருவோம். ஓஆர்எஸ் பொடியை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது. சிறுகுடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றோடு தண்ணீரும் போகிறது. அதனால்தான் அந்தப் பொடியில் இரண்டும் குறிப்பிட்ட அளவில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சொல்லும் அளவுப்படி, 1 லிட்டர் தண்ணீருக்கு மொத்தம் 20.5 கிராம். ஆக, இந்த மருந்தின் உயிரே தண்ணீரின் அளவில் இருக்கிறது. முழுப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகும். நிறையத் தண்ணீர் விட்டால் பலன் குறையும்.

இப்போது உறையின் பின்னால் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "உட்பொருளை முழுமையாக ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்திற்குள் உபயோகிக்கவும்." ஒரே வரி, பிழை இல்லை, சுருக்கமும்கூட. ராத்திரி இரண்டு மணிக்கு, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கிற அம்மாவுக்கு அது போதுமா? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர் அளந்து எடுங்கள். கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளக்கலாம். டம்ளரிலோ சொம்பிலோ குத்துமதிப்பாக அளக்க வேண்டாம். பாக்கெட்டில் உள்ள பொடி முழுவதையும் அதில் கொட்டிக் கலக்குங்கள். சர்க்கரை, உப்பு, பால், ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள். குழந்தைக்கு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நாளைக்கு இதே நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்."

கடைகளில் 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. ஆகவே எந்தப் பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது உறையின் முன்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அளவு பின்பக்க மூலையில் இருந்தால், வாக்கியம் எவ்வளவு எளிமையாக இருந்தும் பயனில்லை. எதை எங்கே வைக்கிறோம் என்பதும் நடைதான்.

கவனித்தீர்களா, எளிய வடிவம் முதல் வடிவத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீளம். எளிமை என்றால் சுருக்கம் என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது "குன்றக் கூறல்", அதாவது தேவையானதைவிடக் குறைத்துச் சொல்வது. "மிகைபடக் கூறல்" அதற்கு அடுத்துத்தான் வருகிறது. "மயங்க வைத்தல்" என்று ஒரு குற்றம் இருக்கிறதே, அதுதான் நம் "10ஆம் தேதிக்குள்". அதே நன்னூல் அழகுகள் பத்து என்று சொல்லும்போது "சுருங்கச் சொல்லல்" என்பதையும் "விளங்க வைத்தல்" என்பதையும் அடுத்தடுத்து வைக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எதற்கு இரண்டாகச் சொல்ல வேண்டும்? சுருக்கியதால் விளங்காமல் போனால் சுருக்கியது அழகில் சேராது.

சொற்களுக்கு வருவோம். வடசொல்லை நீக்கினால் எளிமையாகும் என்பார்கள் சிலர், ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் எளிமையாகும் என்பார்கள் வேறு சிலர். ஒரு சொல் எந்த மொழி வேரிலிருந்து வந்தது என்பதற்கும் அது எளிமையா என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. படிப்பவர் காதில் விழுந்து பழகிய சொல் எளிய சொல், அவ்வளவுதான். "பேருந்து" ஒரு காலத்தில் புதுச் சொல், இன்று பஸ் நிலையத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். "கணினி"யும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. நல்ல தமிழ்ச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது அருமையான வேலை, அதில் எனக்கு முழு ஈடுபாடு உண்டு. ஆனால் அந்த வேலையை மருந்துச் சீட்டிலும் கடைசித் தேதி அறிவிப்பிலும் செய்யக் கூடாது. அங்கே "ஸ்கேன்" என்றுதான் எழுத வேண்டும்.

பழகாத சொல்லை விடவே முடியாத இடங்களும் உண்டு. கிரையப் பத்திரம் படித்திருக்கிறீர்களா? "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி வரும். வாங்கியவரும் அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முழு உரிமையோடு இந்தச் சொத்தை வைத்துக்கொள்ளலாம், தானமாகக் கொடுக்கலாம், விற்கலாம் என்பதுதான் இதன் பொருள். இதை இன்றைய தமிழில் எழுதுவதற்குத் தடையாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "வில்லங்கம்" வேறு கதை. அடமானம், பாகப் பிரச்சினை, வழக்கு என்று சொத்தின் மேல் இருக்கக்கூடிய சுமைகளை எல்லாம் அந்த ஒரு சொல் பிடித்து வைத்திருக்கிறது. பதிவுத்துறை தரும் சான்றிதழுக்கே அதுதான் பெயர். அதை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட சொல்லை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது பக்கத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

பத்திரத்தில் உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது, எல்லாம் தெரிந்த சொற்களால் எழுதிய நான்கெல்லைப் பகுதியில். "கந்தன் தோட்டத்துக்குக் கிழக்கு" என்று எழுதியிருக்கும். கந்தன் தோட்டம் நம் நிலத்துக்கு எந்தப் பக்கம்? பலரும் கிழக்கு என்று சொல்லிவிடுவார்கள். நம் நிலம் கந்தன் தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்பதுதான் பொருள், ஆகவே தோட்டம் நமக்கு மேற்கே. நேர் எதிர்த் திசை. "நம் நிலத்தின் மேற்கு எல்லை: கந்தன் தோட்டம்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடமும் போட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு விஷயம், சொற்களைப் பிரித்து எழுதுவது. ஓலைச் சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. அச்சு வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி போன்ற குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றினார். பிறகு 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து, மலிவு விலையில் பதிப்பித்தார். பாட்டில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. சேர்ந்து கிடந்த சொற்களைப் பிரித்து வைத்தார், அதுவரை பண்டிதர் துணையில்லாமல் நெருங்க முடியாத பாடல்களைப் பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவர்களும் வாய்விட்டுப் படிக்க முடிந்தது. "வருவாயில்லாதவரெனின்" என்பதை "வருவாய் இல்லாதவர் எனின்" என்று எழுதுவதற்கு நமக்கு ஆகிற செலவு இரண்டு இடைவெளி.

அதற்காக ஒற்றெழுத்தை எல்லாம் விட்டுவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. ஒரு "ப்" வித்தியாசம். இலக்கணம் எளிமைக்கு எதிரி போலப் பேசுவது எனக்கு ஒப்பாது. குழப்பம் வராமல் காப்பாற்றுவதற்குத்தான் அது இருக்கிறது. இலக்கணம் சரியாக இருந்தும் குழப்பம் வரும் இடங்கள் தனி: "பழைய புத்தகக் கடை" என்றால் பழையது புத்தகமா, கடையா? "பழைய புத்தகங்கள் விற்கும் கடை" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். படித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவோ கூச்சத்திலோ எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்ததிலிருந்து எங்கே விலகுகிறதோ, அந்த இடத்துக்குப் போய்த் திருத்துங்கள். அவர் மேல் தப்பு இருக்கிறது என்று வாதாட வேண்டாம், நம் தாள் ஒட்டியிருக்கும் இடத்தில் விளக்கிச் சொல்ல நாம் நிற்கப்போவதில்லை.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புக்கு ஓர் அறிவிப்பு எழுதினேன். பெரியவரை நினைத்துக்கொண்டே கவனமாக எழுதினேன்: "10ஆம் தேதி மாலை 5 மணி வரை பெயர் கொடுக்கலாம். 11ஆம் தேதி முதல் பெயர் எழுத மாட்டோம்." எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அக்கா நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "பத்தாம் தேதி ஞாயித்துக்கிழமை ஆச்சே, அன்னைக்கு யாரு இருப்பா?" என்றார். திரும்ப உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன்: "10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ஆள் இருப்போம்."